பழகின கோழி பிழைக்கும்



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. கூடு எப்படிக் கட்டணும், தீவனம் என்ன, கடன் எப்படி வாங்கணும், இதெல்லாம் பயிற்சியிலேயே கேட்டிருப்பீங்க. நான் அதைப் பேசப் போறதில்லை. கோழி நம்மகிட்ட மிரளாமல் பழகுறது எப்படி, பழகினால் நமக்கு என்ன பயன், அதைத்தான் சொல்லப் போறேன்.

"கோழிகிட்ட போய் என்ன பழக்கம், அது என்ன நாயா பூனையா?" என்று சிலபேர் சிரிப்பாங்க. ஆனால் கோழிச் சாவுக்குப் பெரிய காரணம் எது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று டாக்டர்கள் சொல்றது இதைத்தான். வடக்கே உத்தரகாண்ட் மலையில இருக்கிற ராணிக்கெட் என்கிற ஊர்ப் பெயர்தான் இந்த நோய்க்கு வந்தது. வந்துவிட்டால் இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறையும் வருஷா வருஷம் பிப்ரவரி மாதம் இரண்டு வாரம் இலவசமாக முகாம் நடத்துது.

முகாம் அன்னைக்கு என்ன நடக்குது? ஊசி போட வர்றவங்க தெருவில் நிற்பாங்க. நம்ம கோழி கூரைமேல ஏறும், வேலிக்குள்ள பூரும், அடுத்த கொல்லைக்கு ஓடும். பத்துக் கோழியில் நாலுக்குத்தான் ஊசி போட முடியும். மிச்சம் ஆறு அப்படியே நிற்கும். அடுத்த கோடையில் நோய் வந்தால் போறது அந்த ஆறுதான். கைக்கு வருகிற கோழிக்குத்தான் ஊசியும் மருந்தும் போய்ச் சேரும். அதனாலதான் பழக்கம் வேணும் என்கிறேன்.

சரி, எப்படிப் பழக்குறது?

முதலில் கோழியின் கண்ணை நினைச்சுப் பாருங்க. அதுக்கு எதிரி மேலே இருந்து வரும். பருந்து, வல்லூறு. நாம நின்ன வாக்கில் குனிஞ்சு, தலைக்கு மேலே கையை நீட்டினால் அதுக்குப் பருந்து மாதிரிதான் தெரியும். அதனால உட்காருங்க. குந்தி உட்கார்ந்து, கையைத் தரையோட ஒட்டி நீட்டுங்க. கையில் கொஞ்சம் கம்போ உடைச்ச மல்லாட்டையோ இருக்கட்டும். முதல் நாள் வராது. மூணாம் நாள் தைரியமான ஒன்று வரும். அது கொத்துறதைப் பார்த்து மத்ததும் வரும். கொத்தும்போது பிடிக்கவே கூடாது. சாப்பிட வந்த இடத்தில் பிடிச்சால் அந்தக் கையை அது மறக்காது.

இரண்டாவது, நேரமும் சத்தமும் மாறக் கூடாது. காலையில் திறந்துவிடும்போதும் பொழுது சாயும்போதும் ஒரே ஆள், ஒரே கிண்ணம், ஒரே "பா... பா... பா". கிண்ணத்தைத் தட்டுற சத்தம் கேட்டாலே ஓடி வரணும்.

கரையான் போட்டுப் பாருங்க, இன்னும் சீக்கிரம் பழகும். பழைய மண்பானையில் கிழிஞ்ச கோணி, காய்ஞ்ச சாணம், வைக்கோல் போட்டு, தண்ணி தெளிச்சு, சாயந்திரம் கரையான் இருக்கிற இடத்தில் கவுத்து வையுங்க. விடிஞ்சு எடுத்தால் கரையான் ஏறியிருக்கும். செலவு ஒன்றும் இல்லை. குஞ்சுக்கு நல்ல சத்து.

மூணாவது, குஞ்சைப் பழக்கணும் என்றால் தாயைப் பழக்குங்க. யாரைப் பார்த்தால் ஓடணும், யார்கிட்ட போகலாம் என்று குஞ்சு தாயைப் பார்த்துத்தான் கத்துக்கும். அடையில் உட்கார்ந்திருக்கிற 21 நாளும் அதுக்குத் தீனியும் தண்ணியும் நாமளே பக்கத்தில் கொண்டுபோய் வைக்கணும். அப்படிச் செய்தால் பொரிச்ச பிறகு நாம கிட்டப் போனாலும் அது சீறிக்கிட்டு வராது. குஞ்சுக்குச் சொட்டு மருந்து விடவும் சுலபம்.

நாலாவது, பிடிக்க வேண்டிய நேரம் ராத்திரி. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கூட்டில் அடைஞ்ச பிறகு இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து, அடியில் கை கொடுத்து மெதுவாகத் தூக்குங்க. காலைப் பிடிச்சுத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை இப்படித் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க. கூராகத் தட்டுப்பட்டால் இளைச்சிருக்கு. இறக்கைக்கு அடியில் பேன், காலில் புண், பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கா, எல்லாம் பார்த்துவிடலாம். சீக்கு இருக்கிறதைத் தனியாக எடுத்து அடைச்சால் மத்தது தப்பிக்கும்.

புதுக் கோழி வாங்கினால் உடனே கூட்டத்தில் விடாதீங்க. கோழிக்குள்ள யார் பெரியவ, யார் சின்னவ என்று வரிசை உண்டு. நார்வே நாட்டில் ஷெல்டரப் எப்பே என்கிறவர் சின்ன வயசிலிருந்தே கோழிகளைக் கவனிச்சு, யார் யாரைக் கொத்தும் என்கிற இந்த வரிசையை 1920களில் எழுதி வெச்சார். நம்ம மாமியார்கள் அதை எழுதாமலே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க! இரண்டு வாரம் தனியாகக் கூடை போட்டு வெச்சால் நோய் இருந்தாலும் தெரிஞ்சுடும். அப்புறம் சில நாள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வலைக்கு அந்தப் பக்கம் வையுங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்க வீட்டுக் கூட்டுக்குள்ள தண்ணி ஏறிக்கிட்டு இருந்தது. கரண்ட் இல்லை. நான் டார்ச் அடிச்சு, வழக்கமான அதே சத்தம் கொடுத்தேன். ஒன்றுகூடப் பதறி வெளியே பறக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் பரண்மேல ஏத்தினோம். மிரண்ட கோழியாக இருந்திருந்தால் அந்த இருட்டில், அந்தத் தண்ணியில் ஒன்று இரண்டாவது போயிருக்கும்.

ஒரு அக்கா போன கூட்டத்தில் கேட்டாங்க: "இவ்வளவு பாசம் வெச்சுட்டு விற்க முடியுமா?" நியாயமான கேள்வி. எங்க வீட்டில் நல்லா அடை உட்காருகிற, குஞ்சைக் காப்பாத்துகிற பெட்டையை விற்கிறதில்லை. சேவலைத்தான் விற்கிறோம். விற்கிற அன்னைக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இருக்கிற வரைக்கும் பயமில்லாமல் இருந்தது, போகும்போதும் துரத்தி அடிச்சுப் பிடிக்கவில்லை. அந்தக் காசில்தான் பிள்ளைக்கு நோட்டு வாங்குறோம், சந்தா கட்டுறோம். யார் கையையும் எதிர்பார்க்காத காசு அது.

பாசம் என்றாலும் அளவு உண்டு. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். சின்னப் பிள்ளைங்க கோழிக்கு முத்தம் கொடுக்க விடாதீங்க. அடுப்படிக்குள்ளயும் படுக்கிற இடத்திலயும் கோழி வேண்டாம். சீக்கில் செத்ததைச் சமைக்காதீங்க, தெருவில் வீசாதீங்க. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைச்சிடுங்க.

முடிவாக ஒரு வேண்டுகோள். பிப்ரவரி முகாம் தேதி தெரிஞ்சதும் ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சொல்லுவோம். அன்னைக்குக் காலையில் ஊசி போடுற வரைக்கும் யாரும் கூட்டைத் திறக்க வேண்டாம். அதுக்கு முன்னாடி இருக்கிற நாளில் தினம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கையில் தீனி வைப்போம். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. தெரு முழுக்கப் போட்டால்தான் தெரு தப்பிக்கும்.