வான்வழிக் காவலரும் அவர்தம் இடமாற்றமும்



ஆசிரியர் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். திங்கட்கிழமை காலை புதிய பள்ளியில் சேருகிறார். முதல் மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து பின்னக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார். பின்னம் எந்த ஊரிலும் பின்னந்தானே! ஆனால் மாற்றலாகிப் போன இடத்தில் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து, பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில் பயின்று, தேறினால்தான் தனித்து வேலை பார்க்கலாம் என்னும் உத்தியோகமும் உலகில் உண்டு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் உத்தியோகம் அத்தகையது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவர்கள் நிலை எவ்வாறுள்ளது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

விமான நிலையத்துக் கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையையும் அதன் அண்மையையும் கவனிக்கிறார். விமானம் சற்று உயர்ந்ததும் அதனை வட்டார ராடார் நிலையத்தார் ஏற்றுக்கொள்கின்றனர். அதற்கும் அப்பால் நெடுவழி நிலையங்கள் பொறுப்பேற்கின்றன. விமான நிலையத்தைச் சூழ்ந்த வானில் இரு விமானங்களுக்கிடையே பொதுவாக மூன்று கடல் மைல் தூரமோ, ஆயிரம் அடி உயரமோ இடைவெளி இருத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த விதியை நடைமுறைப்படுத்தும் வானம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. வழிகளின் பெயர்கள் வேறு, மலைகளும் கட்டடங்களும் வேறு, அண்டை நிலையத்தாரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் வேறு. தமக்குரிய வான்பகுதியின் படத்தை வெற்றுத்தாளில் மனப்பாடமாக வரைந்து காட்டவேண்டும் என்பது பயில்வோருக்குள்ள சோதனைகளுள் ஒன்று. நம் பூகோள வகுப்பில் இந்திய நதிகளைக் குறிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்!

இந்த வேலைக்குப் புதிதாய் வருவோர் 31 வயதுக்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டும். 56 வயதில் ஓய்வு கட்டாயம். ஓக்லஹாமா நகரிலுள்ள அரசுப் பயிற்சிக் கழகத்தில் சில மாதங்கள் படிப்பு. அங்கேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேறாமல் திரும்பிவிடுகிறார். தேறியவர் ஒரு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார். அங்கே மெய்யான விமானங்களோடு பேசுகிறார். அருகில் பயிற்சியாளர் ஒருவர் அதே ரேடியோ இணைப்பில் காதைப் பொருத்திக்கொண்டு அமர்ந்திருப்பார். பிழை நேருமுன் குறுக்கிட்டுத் திருத்துவது அவர் கடமை, பொறுப்பும் அவருடையதே. இப்படி ஈராண்டு, மூவாண்டு கழிந்தபின்னரே முழுத்தகுதி கிடைக்கிறது.

நிலையங்களுக்கு, போக்குவரத்தின் மிகுதியையும் சிக்கலையும் பொறுத்து, 4 முதல் 12 வரை படிகள் வகுத்திருக்கிறார்கள். சம்பளமும் அந்தப் படிக்கு ஏற்பவே. ஆகவே சிறிய நிலையத்தில் பழகியவர் பெரிய நிலையத்துக்கு மாற்றல் வேண்டி விண்ணப்பிக்கிறார். மாற்றல் கிடைத்தால் என்ன நடக்கிறது? அவர் விட்டுவந்த நாற்காலி அன்றே காலியாகிறது. அவர் போய்ச் சேரும் நாற்காலியோ உடனே நிரம்புவதில்லை. நேற்றுவரை பிறருக்குக் கற்பித்தவர் இன்று கற்பவராய் அமர்கிறார். தேறாவிட்டால் மீண்டும் ஒரு சிறிய நிலையத்துக்குப் போக நேரிடும். ஒரு மாற்றலால் ஈரிடத்தும் குறை!

இது கருதியே, ஆள் குறைந்த நிலையத்திலிருந்து எவரையும் எளிதில் விடுவிப்பதில்லை. விதி நியாயமானதுதான். ஆயினும், பெற்றோர் வாழும் ஊருக்குப் போக விரும்பும் ஒருவர், தம் நிலையத்தில் ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது அவருக்கு எத்தகைய தண்டனை! நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், மாற்று ஆள் வரவில்லை என்பதற்காக நல்லதொரு கணக்காசிரியரை நிறுத்திவைத்தார்கள். அவர் பாடம் நடத்தினார். முகத்தில் மட்டும் களை இல்லை.

இந்த ஆள் குறைவுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1981 ஆகஸ்டு 3ஆம் நாள் சுமார் 13,000 கட்டுப்பாட்டாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். ஜனாதிபதி ரேகன் 48 மணி நேரத் தவணை கொடுத்தார். திரும்பாத 11,000க்கு மேற்பட்டோர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்குப் பதிலாக, ஏறக்குறைய ஒரே காலத்தில், இளைஞர் பலர் சேர்க்கப்பட்டனர். ஒரே காலத்தில் சேர்ந்தவர் ஒரே காலத்தில் ஓய்வு பெறுவர் அன்றோ? கால் நூற்றாண்டு கழித்து அந்த அலை வந்தது. பின்னர் 2020இல் பெருந்தொற்றின்போது பயிற்சி சில மாதங்கள் நின்றது. 2023இல் வெளிவந்த அரசுத் தணிக்கை அறிக்கையின்படி, முக்கியமான 26 நிலையங்களுள் 20இல், வேண்டிய அளவில் 85 விழுக்காடு ஆட்கள்கூட இல்லை. நியூயார்க் ராடார் நிலையத்தில் 54 விழுக்காடே.

நியூயார்க்கின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அந்த வானம் கடினமானது; மூன்று பெரிய விமான நிலையங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. பயில வருபவருள் பலர் தேறுவதில்லை. வீட்டு வாடகையும் அதிகம். ஆகவே 2024 ஜூலையில், நியூவர்க் விமான நிலையத்துக்குரிய வான்பகுதியின் கட்டுப்பாட்டை, லாங் தீவிலிருந்து பிலடெல்பியா நகருக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் சேர்ப்பதும் பயிற்றுவதும் எளிதாகும் என்பது எதிர்பார்ப்பு. கட்டுப்பாட்டாளர் சிலர் விருப்பமின்றியே குடிபெயர நேர்ந்தது. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் பிலடெல்பியாவுக்கு வரும் தகவல் இணைப்பு அறுந்து, ஏறத்தாழ 90 விநாடிகள் ராடார் திரை இருண்டது, ரேடியோவும் ஊமையானது. விபத்து நேரவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியால் சிலர் விடுப்பில் சென்றனர். மிஞ்சியவர் சிலராதலின், நியூவர்க்கில் விமானங்கள் நாட்கணக்கில் தாமதமாயின, பல நின்றேபோயின. சிலர் விடுப்பெடுத்தால் ஒரு பெருநகரத்தின் பயணமே தடுமாறுகிறது என்றால், அங்கே மிச்சமென்று ஒருவருமே இல்லை என்றுதான் பொருள்.

ஆட்களை மிகுதியாகச் சேர்த்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சேர்க்கலாம். ஆனால் பயிற்றுவிப்பவர் யார்? அதே கட்டுப்பாட்டாளர்தான். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்துக் களைத்தவர் அருகில் ஒரு மாணவனை அமர்த்தினால், கற்பிக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? ஆள் குறைந்த இடத்தில் பயிற்சி தளர்கிறது. பயிற்சி தளர்வதால் ஆள் மேலும் குறைகிறது. இந்தச் சுழலைத்தான் நான் பெரிய இடராகக் காண்கிறேன். தேறுவோர் தொகையைப் பெருக்குவதற்காகத் தேர்வை எளிதாக்கலாம் என்பாரும் உளர். என் வாழ்நாளில் அத்தகைய யோசனைகள் பல கேட்டிருக்கிறேன். பள்ளித் தேர்விலேயே அது எனக்கு உடன்பாடன்று. பலர் தேறாத இடத்தில் முதலில் சோதிக்கவேண்டியது பாடம் நடக்கும் முறையை.

2024 முதல் ஒரு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. டல்சா சமுதாயக் கல்லூரி, ஓக்லஹாமா பல்கலைக்கழகம் ஆகியவை முதலாக, தகுதி பெற்ற கல்லூரிகள் சில, அரசுக் கழகத்துக்கு ஒப்பான பயிற்சியைத் தாமே அளிக்கின்றன. அங்கே தேறிய மாணவர் நேரே நிலையத்துக்குச் செல்லலாம். சென்றபின் அவருக்கும் வெற்றுத்தாள் உண்டு. அருகில் காதைப் பொருத்திக்கொண்டு அமரும் மூத்தவர் ஒருவரும் வேண்டும்.