மலையில் திரும்பி வருவதும் வீரமே



கினபாலு மலையின் உச்சியைத் தொட்டு வந்தவரை ஊரே பாராட்டுகிறது. அந்த உச்சியின் உயரம் 4,095 மீட்டர். நேப்பாளத்தில் அதையும்விட உயரத்தில் ஓர் ஏரி இருக்கிறது. 4,380 மீட்டர் உயரத்தில் உள்ள கோசாய்குண்டம்தான் அது.

ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான், கண்டத்தில் எழுந்த வெம்மையைத் தணிக்கச் சூலத்தால் மலையைக் குத்தினார். அப்போது பெருகிய நீரே இந்த ஏரி என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. ஆகஸ்டு மாதவாக்கில், பூணூல் மாற்றும் பௌர்ணமியன்று ஆயிரக்கணக்கான பக்தர்கள் இங்கு நீராட வருகிறார்கள்.

ஹெலம்பு பக்கமிருந்து நடப்பவர்கள், சுமார் 3,630 மீட்டர் உயரத்தில் உள்ள பேடியில் இரவு தங்குகிறார்கள். மறுநாள் 4,610 மீட்டர் உயரமுள்ள லௌரிபினா கணவாயைக் கடக்க வேண்டும். ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம்! கணவாயைத் தாண்டி இறங்கினால் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் தென்படும். பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

ஆனால், அந்தக் காட்சிக்கு உயிரையே விலையாகக் கொடுக்கலாமா?

அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயு குறைகிறது. மெல்ல ஏறினால் உடல் பழகிக்கொள்ளும். விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். முற்றினால் மூளை வீங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நடை தள்ளாடும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும். அப்போது உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. இளமையும் உடற்கட்டும் இதற்குக் காவல் அல்ல.

3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பேடிக்கும் ஏரிக்கரைக்கும் வித்தியாசம் 750 மீட்டர். ஆகவே, முன்னதாகவே ஓய்வுநாள் எடுத்து உடலைப் பழக்கிக்கொள்வதே அறிவுடைமை.

"இத்தனை செலவு செய்து வந்துவிட்டுப் பாதியில் திரும்புவதா?" என்று சிலர் கேட்கிறார்கள். திரும்புவது தோல்வியே அல்ல. ஆனால் அதற்கும் முறை உண்டு. 1991 டிசம்பரில் ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர், இந்தப் பாதையில் பனிப்பொழிவு கண்டு திரும்பினார். அது சரியான முடிவு. ஆனால் தனியாகத் திரும்பினார், வழி தவறினார். 43 நாள் பனியில் தவித்து, 1992 பிப்ரவரியில்தான் மீட்கப்பட்டார். சேர்ந்து ஏறியவர்கள் சேர்ந்தே இறங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒருவருக்கு முடியவில்லை என்றால், அவரைத் தனியே அனுப்பிவிட்டு மற்றவர்கள் மேலே போவது துணிவு ஆகாது.

ஏரி எங்கும் ஓடிவிடாது. அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். போனவர் வீடு திரும்ப வேண்டுமே!

நஞ்சைக் கண்டத்திலேயே நிறுத்திய இறைவனின் ஏரியை நாடிப் போகிறவருக்கு, வேண்டிய இடத்தில் தம் கால்களை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.