ஓர் அங்குலப் பிழை



என் பேத்தி இங்கே புனேயில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். "கணக்கைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று தடுத்தவன் நான். போன மாதம் அவளுடைய செமினாரைக் கேட்கப் போனேன். பை போன்ற விகிதமுறா எண்களைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்கலாம் என்பது விஷயம்.

நாமெல்லாம் பள்ளியில் போட்ட 22/7, இரண்டு தசம ஸ்தானம்தான் சரி. 355/113 ஆறு ஸ்தானம் வரை சரி. அதைவிட நெருங்க வேண்டுமானால் பகுதி 16,604 வரை போகவேண்டுமாம்!

இந்த 355/113-ஐ வைத்து, ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய சமமான சதுரத்தை ஸ்கேல், காம்பஸ் கொண்டே வரையும் முறையை ராமானுஜன் 1913-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். வட்டம் 1,40,000 சதுர மைல் இருந்தாலும் சதுரத்தின் பக்கத்தில் பிழை சுமார் ஓர் அங்குலமே.

அந்தச் சங்கத்தை 1907-ல் ஆரம்பித்தவர் வி. ராமசாமி ஐயர், டெபுடி கலெக்டர். சங்கத்தின் நூலகம் இருந்தது நம் பெர்குஸன் கல்லூரியில். ராமானுஜன் ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுத்தான் போனார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ஐயர், அந்த வேலையில் அவரை முடக்க மனமில்லாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். நானும் அதிகாரியாக இருந்தவன்தான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால், நல்ல பையன் என்று உடனே ஆர்டர் போட்டுக் கொடுத்திருப்பேன்.

வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, எம்.எஸ்ஸி.யும் கணக்கே எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கோம்மா என்றேன்.