ஆடுகிறவர்களுக்கு இடம் விடுங்கள்



பாலத்தூணெல்லாம் சித்திரம் தீட்டி, மரம் நடு, தண்ணீரைச் சேமி என்று எழுதுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் கலையால் ஊருக்கு ஆக வேண்டியது அதோடு ஆகிவிட்டது என்று கணக்கை மூடுகிறார்களே, அதை ஏற்க முடியாது. பார்த்தவர் மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலையையும் சேர்த்துக் காட்டினால்தான் கலை ஊருக்கு உதவும். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடின, நாடகம் போட்டன. பாட்டு முடிந்த இடத்தில் எழுத்து வகுப்பு இருந்தது, பெண்களுக்குச் சைக்கிள் பழக்க ஆள் இருந்தது, வாங்குவதற்குக் கடனுக்கும் வழி பார்த்தார்கள். கல்குவாரித் தொழிலாளிகள் உட்படப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. எந்தச் சுவர் எழுத்து இதைச் செய்தது?

பிரசாரம் புகுந்தால் கலை கெடும் என்பார்கள். திருமங்கலத்து நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் சுதந்திரத்தைப் பாடினார், மேடையிலேயே கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேஷத்தில், மயில்மேல் அமர்ந்தபடி உயிர்விட்டார். சாதியைச் சொல்லி நடிகைகள் அவரோடு நடிக்க மறுத்தபோது, நம் மதுரை கே.பி. ஜானகி அம்மாள் ஜோடியாக நடித்தார். எந்த ரசிகர் கலை கெட்டது என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்? சரி, இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, தெருக்கூட்டம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஒரு வீடியோ கோடிப் பேரை எட்டும், மறுக்கவில்லை. ஆனால் தெரு நாடகத்தில்தான் ஒரு பாட்டி எழுந்து, "நான் வகுப்புக்கு வந்தா மாட்டை யாருப்பா மேய்க்கிறது?" என்று கேட்க முடியும், நடிகரும் நின்று பதில் சொல்லியாக வேண்டும். நாடகத்தின் இந்த வலிமை ஆட்சியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டான். நம்மவர்கள் 1954-ல் போட்டார்கள். அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. பாலத்துச் சித்திரத்தைக் கண்டு பயந்து யாராவது சட்டம் போட்டதுண்டா?

ஆகவே மதுரை மாநகராட்சியிடம் கேட்கிறோம். பாலத்தூண் சாயத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நாடகக் குழுக்களுக்குக் கூலியாகக் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். வண்டியூர் கண்மாயில் சாக்கடை கலப்பதைப் பற்றிய நாடகத்தைக் கண்மாய்க் கரையிலேயே போட விடுங்கள். பொறியாளர் முன்வரிசையில் உட்காரட்டும். நாடகம் முடிந்ததும் மேடையேறி, எந்த வாய்க்காலை எந்த மாதத்துக்குள் சரிசெய்வார் என்று கூட்டத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்கட்டும்.