வாதமா, காற்றா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொறியியல் படித்தவனை மேடையேற்றினால் பாலம், மோட்டார் என்று பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வாதம், பித்தம், கபம் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! விஷயம் நம்ம தூத்துக்குடிக் கடலோடு சம்பந்தப்பட்டது.

தலை சுற்றினால் 'பித்தம்' என்கிறோம். முட்டி வலித்தால் 'வாதம்'. நெஞ்சில் சளி கட்டினால் 'கபம்'. சித்த வைத்தியத்தின் அடிப்படையே இந்த மூன்றுதான். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். அவை முறையே 1, 1/2, 1/4 என்ற அளவில் நடந்தால் உடம்பு சுகம் என்பது கணக்கு. காற்று முதலான மூன்றும் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

இது நம்மிடம் மட்டும் இருந்த எண்ணமல்ல. ஹிப்போகிரேட்டஸ் வழிவந்த கிரேக்க வைத்தியர்கள் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு சொன்னார்கள். அதுவே அரபு நாடுகள் வழியாக யுனானி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்காக இந்தக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் நாட்டு வைத்தியமும் அந்த நான்கைத்தான் நம்பியிருந்தது.

பழையவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. நம் கடலில் எடுக்கும் சங்கைப் புடம் போட்டுச் சங்கு பற்பம் செய்து, வயிற்று எரிச்சலுக்குக் கொடுத்தார்கள். சங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தைத் தணிக்கும் என்பதை இன்றைய வேதியியலும் ஒப்புக்கொள்கிறது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் சித்தப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்குவார்கள். நிமிடக் கணக்கில்தான் அடியில் இருக்க முடியும். இங்கே முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பு தொடர்ந்தது. பிறகு கம்ப்ரசர் வந்தது. வள்ளத்திலிருந்து குழாய் வழியே காற்று வரும்; 10 பாகம் ஆழத்தில்கூட வெகுநேரம் இருக்கலாம். சங்கு அதிகம், காசும் அதிகம்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒருநாள் சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வாதம்லே, எண்ணெய காய்ச்சித் தேய்ச்சு விடு" என்றார். தேய்த்துவிட்டேன். "உருளைக்கிழங்கு தின்னியளா? அதான் வாயு" என்றார் சித்தி. இரண்டு நாளில் வலி விட்டது. அவர் மறுபடி கடலுக்குப் போனார்.

சில வாரம் கழித்து, வள்ளத்தை விட்டு இறங்கும்போதே இரண்டு காலும் மரத்துவிட்டன. அப்போதும் வீட்டில் வாதத் தைலம்தான். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பாகம் இறங்கினீங்க? எவ்வளவு நேரம் இருந்தீங்க? எவ்வளவு வேகமா மேல வந்தீங்க?" அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பது ஹென்றி விதி. அந்த ஆண்டுதான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன்! 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்ததுபோல் குமிழியாகக் கிளம்புகிறது. மூட்டில் நின்றால் வலி, தண்டுவடத்தைத் தாக்கினால் முடக்கம். இதைப் பால் பெர்ட் 1878-இல் விளக்கினார். படிப்படியாக நின்று மேலேறும் முறையை ஹால்டேன் 1908-இல் அட்டவணையாகத் தந்தார். அதற்கு முன்பே, புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்த நோயால் படுத்துவிட்டார். நம் தொழில்காரர் ஒருவர்!

யோசித்துப் பாருங்கள். 'வாதம்' என்றால் காற்று. சித்தப்பா உடம்பில் இருந்ததும் நிஜமாகவே காற்றுதான். பெயர் தப்பில்லை. ஆனால் பெயர் கிடைத்ததுமே நாங்கள் கேள்வியை நிறுத்திவிட்டோம். என்ன காற்று, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று அளக்கவில்லை. கூடினாலும் குறைந்தாலும் நோய் என்று முன்னோர் சொன்னது நல்ல தொடக்கம். எவ்வளவு கூடியது என்று அளந்து பார்ப்பது படித்தவன் கடமை. அதைச் செய்யாதவன் நான்.

சித்தப்பா இன்று கம்பு ஊன்றி நடக்கிறார். வீட்டு வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் வீட்டில் முங்கிக் குளிக்கப் போகிறவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். மேலே வந்த பிறகு மூட்டு வலியோ மரத்துப்போவதோ இருந்தால் தேய்க்க வேண்டாம், மறுபடி இறங்கவும் வேண்டாம். படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "கம்ப்ரசர் போட்டு முங்கினவர்" என்று முதலில் சொல்லுங்கள். ஆக்சிஜன் தருவார்கள், தேவைப்பட்டால் அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இந்தக் கல்லூரியில் ஹென்றி விதியை மார்க்குக்காகப் படித்தேன். நீங்கள் வீட்டுக்காகவும் படியுங்கள்.