வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் இல்ல

இன்னிக்கு நெட்வொர்க்கிங் அடிப்படை பத்திப் பேசப் போறோம். பிளஸ் டூ கணினிப் பாடத்துல இது வருது, ஸ்டார் டோப்பாலஜி, ரிங் டோப்பாலஜினு படம் போட்டு மார்க் வாங்கியிருப்பீங்க. எனக்கு அந்தப் படங்கள் மேல பெரிய மரியாதை இல்ல. அதனால வேற வழியில ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி பொண்ணு ஒருத்தி, பிளஸ் டூ முடிச்சிட்டு காலேஜுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுட்டு இருந்தா. கடைசி நாள், சாயங்காலம் 5 மணியோட முடியுது. 4 மணி 10 நிமிஷத்துக்கு எனக்கு போன். "அண்ணா, வைஃபை ஃபுல்லா இருக்கு, சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது. ஆனா பக்கத்து ரூம்ல இவன் ஆபீஸ் மீட்டிங் ஜோரா ஓடுது. என் லேப்டாப்தான் போச்சு போல."

ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தியான்னு கேட்டேன். வீட்டுக்குள்ள டவர் ஒரே ஒரு கோடு. போட்டோ அப்லோடு பாதியில நின்னுடுச்சாம்.

நான் நெட்வொர்க் டீம்ல வேலை பார்க்கிற ஆள். ஆனா அந்த நேரத்துல நான் சொன்னது என்ன தெரியுமா? "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." கஸ்டமர் கேர்ல சொல்ற அதே வசனம். அவ பண்ணா. ரெண்டு நிமிஷத்துல அவ அண்ணன் ரூம்ல இருந்து வெளிய வந்து கத்துற சத்தம் போன்ல கேட்டுது. அவன் மீட்டிங் கட் ஆயிடுச்சு, திரும்பச் சேர முடியலை. இருந்த ஒரு நல்ல இணைப்பையும் நானே அறுத்து விட்டேன்.

ஏன் அப்படி ஆச்சுங்கறதுதான் இன்னிக்குப் பாடமே. அவனுக்கு ஓடுச்சு, அவளுக்கு ஓடலை, ஆஃப் பண்ணதும் ரெண்டு பேருக்கும் போச்சு. கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, வர்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுடலாம். வைஃபை வேற, இன்டர்நெட் வேற. போன் மேல தெரியிற அந்த விசிறி மாதிரி கோடு, உங்க போனுக்கும் ஹால்ல இருக்கிற ரவுட்டருக்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு மட்டும்தான் சாட்சி. அதாவது பத்து, பதினஞ்சு அடி. அதுக்கு அப்புறம் ரவுட்டர்ல இருந்து தெருக் கம்பம், அங்கிருந்து நெட் கம்பெனியோட ஆபீஸ், அங்கிருந்து உலகம். அந்தக் கோடு ஃபுல்லா இருக்கும்போது தெருவுல ஃபைபர் அறுந்து தொங்கிட்டு இருக்கலாம். அந்தக் கோட்டுக்குத் தெரியறது ரவுட்டர் வரைக்கும்தான்.

சரி, ரவுட்டரோட சேர்ந்ததும் என்ன நடக்குது? உங்க போன் "நான் புதுசு, எனக்கு ஒரு நம்பர் குடுங்க"ன்னு கேட்கும். ரவுட்டர் ஒண்ணு குடுக்கும். இந்தக் கேட்டு வாங்குற முறைக்குப் பேர்தான் டிஹெச்சிபி. கிடைக்கிற நம்பர் பெரும்பாலும் 192.168 னு ஆரம்பிக்கும். அதுதான் ஐபி முகவரி. உங்க லேப்டாப்ல 169.254 னு ஆரம்பிச்சா, யாரும் நம்பர் குடுக்கலை, அதுவா ஒண்ணு வச்சுக்கிச்சுன்னு அர்த்தம். அந்த நிலையில வெளிய எங்கயும் போக முடியாது.

இப்போ ஒரு சந்தேகம் வரணும். உங்க வீட்லயும் 192.168.1.5 இருக்கு, என் வீட்லயும் 192.168.1.5 இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே முகவரின்னா பதில் எப்படிச் சரியான வீட்டுக்கு வருது?

அபார்ட்மென்ட்ல குடியிருக்கிறவங்களுக்கு இது ஈசியாப் புரியும். ஊர்ல எத்தனையோ அபார்ட்மென்ட்ல "எஃப் 2" இருக்கு. வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது கட்டடத்தோட கதவு எண் மட்டும். கேட்ல இருக்கிற செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டு வச்சிருக்கார், எந்த ஃபிளாட் எதை வரச் சொல்லியிருக்குன்னு. பார்சல் வந்தா நோட்டைப் பார்த்து மேல அனுப்புறார். ரவுட்டர் அந்த வேலையைத்தான் செய்யுது. பேர் நாட். உங்க வீட்டு எல்லா போனும் டிவியும் லேப்டாப்பும் வெளி உலகத்துக்கு ஒரே முகவரியாத்தான் தெரியும்.

இது ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, பழைய முறையில, அதாவது ஐபி பதிப்பு 4ல, முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான் வரும். இந்த முறைக்குப் பழைய அர்பாநெட் முழுசா மாறினது 1983 ஜனவரி 1. அன்னிக்கு 429 கோடிங்கறது தீரவே தீராத கணக்கு. 2011 பிப்ரவரியில உலக அளவுல பிரிச்சுக் குடுக்கிற கையிருப்பு காலி. அடுத்து வந்த பதிப்பு 6ல 128 பிட். அது தீராது, இந்தத் தடவை நிஜமாவே.

அடுத்து பாக்கெட். நீங்க அனுப்புற எதுவும் ஒரே மூட்டையாப் போகாது. பொதுவா ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். விண்ணப்பத்துல ஏத்தச் சொல்ற 50 கேபி போட்டோன்னா சுமார் 35 பாக்கெட். ஒவ்வொண்ணும் தனித்தனியாப் போகுது, ஒவ்வொண்ணுலயும் யார்கிட்ட இருந்து, யாருக்குன்னு எழுதியிருக்கும். வழியில ஒண்ணு ரெண்டு தொலையும், வரிசை மாறும். தொலைஞ்சதைத் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்திச் சேர்க்கிற வேலை டிசிபியோடது. சிக்னல் மோசமா இருந்தா தொலையிறது அதிகமாகும், திரும்ப அனுப்புறதும் அதிகமாகும், கடைசியில அந்தப் பக்கம் இருக்கிற சர்வர் பொறுமை இழந்து கதவைச் சாத்திடும். ஹாட்ஸ்பாட்ல போட்டோ பாதியில நின்னது அதனாலதான்.

இடையில ஒரு சின்ன விஷயம், கேம் ஆடுறவங்களுக்கு. "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், பிங் ஏன் குறைய மாட்டேங்குது?" வேகம் வேற, தாமதம் வேற. கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையில இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டுல சுமார் 2900 கிலோமீட்டர். போய் வர 29 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டுல கிடக்காது, நடுவுல ரவுட்டர்களும் இருக்கு. ஆக சிங்கப்பூர் சர்வர்னா அந்த 29க்குக் கீழ நீங்க என்ன பிளான் போட்டாலும் போகாது. 1000 எம்பிபிஎஸ் போட்டாலும் ஒளி வேகமா ஓடாது. அந்தக் காசுக்கு வேற ஏதாவது வாங்கிக்கோங்க. அப்புறம் எம்பிபிஎஸ்ல இருக்கிற 'பி' பிட், பைட் இல்ல. எட்டால வகுத்துக்கோங்க. 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 12.5 எம்பிதான் இறங்கும்.

சரி, கதைக்கு வருவோம். மணி 4:25. அண்ணன் கத்திட்டு இருக்கான், சித்தி பிரவுசிங் சென்டருக்குப் போலாம்னு செருப்பு மாட்டிட்டாங்க. அப்பதான் எனக்குப் புத்தி வந்துச்சு. ஆபீஸ்ல பண்ற மாதிரி பண்ணலாம்னு தோணுச்சு, கீழ இருந்து மேல, ஒவ்வொரு படியா. பாடப் புத்தகத்துல ஓஎஸ்ஐ ஏழு அடுக்குன்னு மனப்பாடம் பண்ணுவீங்களே, நிஜ இன்டர்நெட் அந்த ஏழா அச்சடிச்ச மாதிரி ஓடலை. ஆனா கோளாறு தேட அது அருமையான ஏணி. கீழ்ப்படி சரியா இல்லாம மேல்படியைச் சந்தேகப்படக் கூடாது.

லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கச் சொன்னேன். ஐபிகான்ஃபிக்னு அடிக்கச் சொன்னேன். 192.168.1.7. நல்லது, நம்பர் கிடைச்சிருக்கு. அதுலயே டீஃபால்ட் கேட்வேன்னு ஒண்ணு இருக்கும், அதுதான் ரவுட்டரோட முகவரி. அதுக்கு பிங் போடு. பிங்னா "இருக்கியா?"ன்னு கூப்பிடுறது, அவ்ளோதான். நாலு தடவை கூப்பிடும், நாலு பதில் வந்துச்சு. வீட்டுக்குள்ள பிரச்சினை இல்ல.

அடுத்து 8.8.8.8க்கு பிங் போடு. அது வெளிய இருக்கிற ஒரு முகவரி. நாலுக்கு நாலு பதில்! அவ சொன்னா, "அண்ணா, அப்போ நெட் இருக்கு!" இருக்கு. தெருக் கம்பம், கம்பெனி, வெளி உலகம் எல்லாம் சரி. இப்போ ஏதாவது ஒரு வெப்சைட்டோட பேரைப் போட்டு பிங் பண்ணு. "அப்படி ஒரு ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியலைன்னு வருது."

மாட்டிக்கிச்சு. நம்பருக்குப் போகுது, பேருக்குப் போகலை. பேரை நம்பரா மாத்திக் குடுக்கிற ஆள் தூங்கிட்டான். அந்த ஆள் பேர் டிஎன்எஸ்.

மனுஷனுக்குப் பேர் ஞாபகம் இருக்கும், பாக்கெட்டுக்கு நம்பர்தான் வேணும். நடுவுல ஒரு பட்டியல் தேவை. ஆரம்ப காலத்துல அது நிஜமாவே ஒரே ஒரு கோப்பு. கலிபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல, எலிசபெத் ஃபைன்லர்ங்கற அம்மாவோட குழு அதைப் பராமரிச்சாங்க. புதுக் கம்ப்யூட்டர் வந்தா அவங்களுக்குத் தெரிவிக்கணும், அவங்க சேர்ப்பாங்க, மத்தவங்க அதை நகல் எடுத்துக்குவாங்க. கம்ப்யூட்டர் எண்ணிக்கை ஏற ஏற இது தாங்கலை. 1983ல பால் மொக்கபெட்ரிஸ் ஒரு யோசனையை முன்வச்சார். ஒரே ஆள்கிட்ட மொத்தப் பட்டியலும் வேணாம், அவங்கவங்க பகுதியை அவங்கவங்க வச்சுக்கட்டும், யார்கிட்டக் கேட்கணும்னு மட்டும் மேல இருக்கிறவருக்குத் தெரிஞ்சாப் போதும். இன்னிக்கும் அதேதான் ஓடுது.

இப்போ பாருங்க, அவன் மீட்டிங் ஏன் ஓடிட்டு இருந்துச்சு? அவன் மதியமே சேர்ந்துட்டான். அப்பவே பேரைக் கேட்டு, நம்பரை வாங்கி, இணைப்பு போட்டாச்சு. அதுக்கப்புறம் டிஎன்எஸ் செத்தாலும் அவனுக்குக் கவலை இல்ல. ரவுட்டரை நான் ஆஃப் பண்ணச் சொன்னதும் இணைப்பு போச்சு. மறுபடி சேரணும்னா மறுபடி பேரைக் கேட்கணும். கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.

இது நம்ம வீட்டு விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. 2021 அக்டோபர் 4, நம்ம நேரப்படி ராத்திரி 9 மணிக்கு மேல, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டா மூணும் உலகம் பூரா ஆறு மணி நேரத்துக்கு மேல படுத்துச்சு, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அவங்க பராமரிப்பு வேலையில குடுத்த ஒரு கட்டளை, அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டிச்சிடுச்சு. அந்த மாதிரிக் கட்டளையைத் தடுக்க வச்சிருந்த கருவியிலயும் ஒரு பிழை. அவங்க டிஎன்எஸ் சர்வர்களோ, டேட்டா சென்டரோட பேச முடியலைன்னா "என்கிட்ட வராதீங்க"ன்னு ஒதுங்கிக்கிற மாதிரி அமைச்சது. எல்லாமே ஒரே நேரத்துல ஒதுங்கிடுச்சு. பிஜிபின்னு ஒண்ணு இருக்கு, பெரிய நெட்வொர்க்குகள் ஒண்ணுக்கொண்ணு "இந்த முகவரிக்கு என் வழியா வரலாம்"னு அறிவிக்கிற முறை. அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிட்டா, சர்வர் உயிரோட இருந்தும் வழி கிடையாது. அதைச் சரிபண்ண அவங்க வச்சிருந்த உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்துச்சு. கடைசியில ஆளை நேர்ல டேட்டா சென்டருக்கு அனுப்பிச் சரி பண்ணாங்க. அத்தனை பெரிய கம்பெனியே ஆளை அனுப்பித்தான் மீண்டுச்சுன்னு படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு.

நம்ம கதையில டேட்டா சென்டருக்கு யாரும் போக வேண்டியதில்ல. நெட் கம்பெனியோட டிஎன்எஸ் சரியில்ல, அப்போ வேற ஆள்கிட்டக் கேட்டுக்கலாம். லேப்டாப்ல நெட்வொர்க் செட்டிங்ஸ் போய், பதிப்பு 4 பண்புகள்ல, டிஎன்எஸ் தானா எடுத்துக்கோன்னு இருக்கிறதை மாத்தி, 8.8.8.8னு போடச் சொன்னேன். ஒரு தடவை தப்பா மேல இருக்கிற கட்டத்துல, ஐபி முகவரியிலயே போட்டுட்டா. அதை அழிச்சுத் திரும்பப் போட ரெண்டு நிமிஷம். 4:41க்கு சைட் திறந்துச்சு. கடைசி நேரக் கூட்டம் வேற, பக்கம் ஆமை மாதிரி நகருது. 4:53க்கு விண்ணப்ப எண் வந்துச்சு. சித்தி செருப்பைக் கழட்டினாங்க.

ஒரு எச்சரிக்கை. பிங்குக்குப் பதில் வரலைன்னா அந்த சர்வர் செத்துப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பிங்குக்குப் பதில் சொல்ல வேணாம்னே நிறைய இடத்துல வச்சிருப்பாங்க. பதில் வந்தா உறுதி, வரலைன்னா சந்தேகம் மட்டும்.

ராத்திரி அவ மெசேஜ் பண்ணா. நன்றி சொல்லப் போறான்னு பார்த்தா, கேள்வி. "அண்ணா, அந்த எட்டு எட்டு எட்டு எட்டு யாரோடது?"

கூகுளோடதுன்னேன்.

"அப்போ நான் எந்த சைட்டுக்குப் போறேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

எந்தப் பேரைக் கேட்கிறேன்னு தெரியும். உள்ள போய் என்ன டைப் பண்றேன்னு அது வழியாத் தெரியாது, எச்டிடிபிஎஸ் இருக்கிற சைட்னா அதெல்லாம் பூட்டித்தான் போகும்.

"இதுக்கு முன்னாடி யாருக்குத் தெரிஞ்சுது?"

நெட் கம்பெனிக்கு.

கொஞ்ச நேரம் டைப்பிங்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. "சரி, காலையில பழையபடி மாத்திடவா, வேணாமா?" இன்னும் நான் அதுக்குப் பதில் சொல்லலை.