அவிநாசிக்கு வருவோர் காண வேண்டுவன
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருப்பூருக்கு வரும் விருந்தினரைப் பெரும்பாலும் பனியன் தொழிலே அழைத்து வருகிறது. வந்த வேலை முடிந்து ஒரு மாலைப் பொழுது மிஞ்சுமானால், "அருகில் காண என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்பார். அவரை அவிநாசிக்கு அழைத்துச் செல்வது இப்பகுதியின் வழக்கம். திருப்பூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். கோயில், தேர், குளம் என்று மூன்றையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். அவ்வாறு காட்டுகையில் எது விடுபட்டுப் போகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஊரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். அவிநாசி என்பது அங்குள்ள இறைவனின் பெயர். அழிவில்லாதவன் என்று பொருள். ஊர்ப்பெயரை இறைவனின் பெயர் மறைத்துவிட்டது. "காசியில் வாசி அவிநாசி" என்பது கொங்கு நாட்டு வழக்கு. கோயிலுக்குள் காசிக் கிணறும் உண்டு. கருணாம்பிகை சன்னதி இறைவனுக்கு வலப்பக்கம் அமைந்திருப்பதை வழிகாட்டுவோர் தவறாமல் சொல்வர். சித்திரைத் திருவிழாவில் ஓடும் தேர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. சுந்தரர் இத்தலத்தைப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. பின்னாளில் அருணகிரிநாதரும் பாடினார்.

இவை யாவும் காணத் தக்கனவே. ஆயினும் இவ்வூருக்கு வந்த விருந்தினருள் தலையாயவர் சுந்தரர். அவர் இங்கு எதைக் கண்டார் என்பதைச் சேக்கிழார் பதிவு செய்திருக்கிறார்.

சேரமான் பெருமாளைக் காணச் சேர நாட்டுக்குச் செல்லும் வழியில் சுந்தரர் இவ்வூரின் வேதியர் தெருவில் நடந்து வருகிறார். எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றிலிருந்து மங்கல ஒலி எழுகிறது. மற்றொன்றிலிருந்து அழுகை ஒலி. சுந்தரர் காரணம் கேட்கிறார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று உபநயனம். இழந்தவர் வீட்டில் அந்த நினைவால் அழுகை.

இனி வருவதே கவிஞர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். பிள்ளையை இழந்த தாயும் தந்தையும் சுந்தரர் வந்ததை அறிகின்றனர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு அவரை வணங்க வருகின்றனர். வந்த பெரியவருக்குத் தம் துயரம் தெரியலாகாது என்பது அவர்களுடைய விருந்தோம்பல். சுந்தரர் அந்த மலர்ந்த முகத்தைக் கண்டு மகிழ்ந்து நடந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மகனை இழந்தவர் நீங்களா என்று கேட்டார். அதன்பின் குளம் எங்கே என்று கேட்டு, கரைக்குச் சென்று பாடினார். வறண்டு கிடந்த குளத்தில் நீர் பெருகிற்று என்பது ஊர் வழக்கு. முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை வந்தான் என்கிறது புராணம்.

அற்புதத்தை நம்புவோரும் நம்பாதோரும் இவ்வவையில் இருக்கக்கூடும். ஆனால் பாட்டுக்கு முன்னே நின்ற அந்தக் கேள்வியை இருசாராரும் ஏற்பர். மங்கல ஒலி கேட்ட வீட்டைக் காட்டுவது எந்த ஊருக்கும் எளிது. எதிர்வீட்டைப் பற்றிக் கேட்கும் விருந்தினரே அரியவர்.

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சேரமான் தந்த பொருளோடு திரும்பிய சுந்தரரை வேடர் உருவில் வந்த பூதகணங்கள் வழிப்பறி செய்ததும், அவர் பாடிப் பொருளைத் திரும்பப் பெற்றதும் இங்குதான். இன்று சாலையோரச் சிற்பக் கூடங்களில் உளி ஓசை கேட்கிறது. பாதி செதுக்கிய திருமேனிகள் வெயிலில் நிற்கின்றன. முருகநாதரை வணங்கிச் செல்வோர் சிற்பியின் முற்றத்திலும் சற்று நிற்கலாம்.

நல்லாற்றின் நீர்ப்போக்கில் இன்னும் கீழே சென்றால் நஞ்சராயன் குளம். 2022-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர். இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகளும் இங்கே இறங்குவதுண்டு. முற்காலத்தில் நஞ்சராயன் என்னும் அரசன் செப்பனிட்டதால் குளத்துக்கு அவன் பெயர் வந்தது என்பர். வெட்டியவன் பெயரை ஊர் மறந்துவிட்டது. பழுது பார்த்தவன் பெயரை வைத்துக்கொண்டது.

மங்கல ஒலி கேட்கும் வீடு இது. எதிர்வீடு நொய்யல். சாயப்பட்டறைக் கழிவு அந்த ஆற்றின் நிறத்தையே மாற்றியது. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்களின் நிலமும் கிணறும் உப்பேறின. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டும் வரை சாய, சலவை ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று பட்டறையில் வேலை இழந்தவரின் வீட்டிலும் அழுகை இருந்தது. பூத்தையலில் கண் மங்கியவரும் சாயத்தொட்டியில் கை வெந்தவரும் இந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். விருந்தினர் வரும்போது அவர்களும் முகம் துடைத்துக்கொண்டே வணங்குகிறார்கள்.

நீர் திரும்பி வந்த கதையும் இம்மண்ணில் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் அது. இதற்கும் முதலில் தேவைப்பட்டது, வறண்ட குளத்தின் கரையில் நின்று சலியாமல் கேட்டவர்களின் குரலே.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்க்கும் வட்டம் இது. கொங்கு மண்ணின் பெருமையைப் பாடிய கவிதைகள் இதன் அரங்குகளில் நிறைய ஒலித்திருக்கும். அவை மங்கல வீட்டின் ஒலி, அவற்றுக்கும் இடமுண்டு. எனினும் சுந்தரரின் வழியில் நடக்க விரும்பும் கவிஞர், எதிர்வீட்டின் கதவருகே நின்று, "இழந்தவர் நீங்களா?" என்று கேட்க வேண்டும். விடை கிடைத்த பிறகு குளம் எங்கே என்று கேட்க வேண்டும். பாட்டு அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்த முறை அவிநாசிக்கு ஒரு விருந்தினரை அழைத்துச் செல்பவர், தேரைக் காட்டியபின் அவரைத் தாமரைக்குளக் கரைக்கும் அழைத்துச் செல்வாராக. முதலைவாய்ப் பிள்ளை மீண்ட இடமென்று ஊரார் காட்டுவது அக்கரையே. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் அங்கே சிறிது நேரம் நிற்கட்டும்.